சிபேப் மெஷின் வந்தும் பிபிடி ஏன் குறையல?

சிபேப்ன்னா மூக்கு வழியா காத்தழுத்தம் குடுத்து குழந்தையோட நுரையீரலைத் திறந்து வைக்கிற மெஷின், பிபிடின்னா குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற நாள்பட்ட நுரையீரல் நோய். கேள்வி இதுதான். ஒரு என்ஐசியூ (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இன்சார்ஜ் நர்ஸ் கேட்டிருக்காங்க: "எங்க யூனிட்டுக்கு பபுள் சிபேப் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, 28 வாரத்துக்கு முன்னாடி பிறக்கிற குழந்தைங்களுக்கு முக்கால்வாசி அதைத்தான் போடுறோம், ஆனாலும் கர்ப்பக் கணக்குல 36 வாரம் ஆகியும் ஆக்சிஜன்லயே இருக்கிற குழந்தைங்க எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு. மேனேஜ்மென்ட்ல அடுத்து எந்த மெஷின் வாங்கலாம்னு கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?"

சிஸ்டர், மெஷின் கதைக்கு கடைசியில வரேன். நீங்க எழுதினதுல "சிபேப் போடுறோம்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, என் கண்ணு அங்கதான் நின்னுது. போடுறது ரெண்டு நிமிஷ வேலை. போட்டது மூக்குல சரியா உக்காந்திருக்கா, பிரஷர் உள்ள போகுதான்னு பாக்குறதுதான் வேலை, ஒரு 27 வாரக் குழந்தை ஆறு வாரம் சிபேப்ல இருந்தா அது ஆயிரம் மணி நேரம், அந்த ஆயிரம் மணி நேரத்துல எத்தனை மணி நேரம் அந்தக் குழந்தைக்கு உண்மையிலயே சிபேப் கிடைச்சுதுன்னு யாராவது கணக்கு வச்சிருக்கீங்களா? நானும் பல வருஷம் வைக்கல, அதனால குத்தம் சொல்லல.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக கொஞ்சம் பின்னாடி போறேன்.  1967ல நார்த்வேங்கிற டாக்டர் ஸ்டான்ஃபோர்டுல முதல்ல பிபிடியைப் பத்தி எழுதினார், அப்ப வென்டிலேட்டரும் அதிக ஆக்சிஜனும் வாங்கின குழந்தைங்களுக்கு நுரையீரல் தழும்பு தழும்பா ஆகிப்போச்சு. அந்தக் குழந்தைங்க இப்ப நாம பாக்குறதைவிடப் பெரிய குழந்தைங்க. இப்ப நம்மகிட்ட வர்றது 25, 26 வாரம். அந்த வயசுல காத்துப்பைகளே இன்னும் பிரிஞ்சு உருவாகல, சும்மா பெரிய பை மாதிரி இருக்கும், அம்மா வயித்துல இருந்திருந்தா அடுத்த சில மாசத்துல ஒவ்வொரு பையும் சின்னச் சின்னதா பிரிஞ்சுக்கிட்டே போகும். வெளிய வந்ததும் நாம அடிக்கிற காத்து, குடுக்கிற ஆக்சிஜன், வர்ற இன்ஃபெக்‌ஷன் எல்லாம் சேர்ந்து அந்தப் பிரியுற வேலையை நிறுத்திடுது. அதனால இன்னைக்கு பிபிடின்னா முக்கியமா வளர்ச்சி நின்னுபோன நுரையீரல். ஒரே நாள்ல யாரும் அதைக் கெடுக்கிறதில்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்குது, அதனாலதான் எந்த ஒரு மெஷினும் எந்த ஒரு மருந்தும் தனியா இதை நிறுத்த முடியல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு உண்டு. நுரையீரல் ஒட்டிக்காம விரிஞ்சிருக்க உதவுற சர்ஃபேக்டன்ட்ங்கிற பொருள் இல்லாததாலதான் குறைமாசக் குழந்தை மூச்சுத்திணறுதுன்னு 1959ல காட்டின மேரி எல்லன் ஏவரி, 1987ல அமெரிக்காவுல 8 சென்டர்களை ஒப்பிட்டுப் பாத்தாங்க. எல்லா இடத்துலயும் நல்ல டாக்டருங்கதான், நல்ல வசதிதான், ஆனா நியூயார்க்குல கொலம்பியா சென்டர்ல மட்டும் நாள்பட்ட நுரையீரல் நோய் ரொம்பக் கம்மி. அங்க ஜென்-டியன் வுங்னு ஒருத்தர் இருந்தார். பிறந்த உடனே சிபேப், கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினா பதறாம பொறுத்துக்கிறது, மயக்க மருந்து குடுத்து குழந்தையை வென்டிலேட்டருக்கு அடக்குறது கிடையாது, மூச்சு சம்பந்தப்பட்ட முடிவையெல்லாம் ஒரே ஆள் கண்காணிப்புல எடுக்கிறது. 2000ல வந்த இன்னொரு ஒப்பீட்டுல பாஸ்டன் ஆஸ்பத்திரிகள்ல 22 சதவீதம், கொலம்பியாவுல 4 சதவீதம். வித்தியாசத்தைத் தோண்டிப் பாத்தா பெரும்பகுதி ஒரே இடத்துல வந்து நின்னுது, யார் சீக்கிரம் மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல ஏத்துறாங்க, யார் ஏத்தல.

இதைப் படிச்சுட்டு எல்லாரும் கொலம்பியா மாதிரி ஆகிடலாம்னு கிளம்பினாங்க. கோயின்னு ஒரு ட்ரையல் 2008ல, சப்போர்ட்னு இன்னொண்ணு 2010ல, ரெண்டும் பிறந்த உடனே சிபேப்பா ட்யூபான்னு சீட்டுப் போட்டுப் பாத்தாங்க. சிபேப் தோக்கல, ஆனா நினைச்ச மாதிரி பெரிய வெற்றியும் வரல. கோயின்ல சிபேப் பக்கம் நுரையீரல் வெடிச்சு காத்து வெளிய வர்றது 9 சதவீதம், ட்யூப் பக்கம் 3 சதவீதம்தான்.

உங்க நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2007ல வெளியான ஒரு ஆய்வு. ரிசல்ட் நல்லா இருந்த 3 சென்டர்களைப் பாத்து, அங்க என்னென்ன பண்றாங்கன்னு லிஸ்ட் எடுத்து, மத்த 14 சென்டர்கள்ல பாதிக்கு அந்த முறையெல்லாம் சொல்லிக்குடுத்து, மீதிப் பாதியை அப்படியே விட்டாங்க. சொல்லிக்குடுத்த இடத்துல வேலை பாக்குற முறை மாறுச்சு. பிபிடி மட்டும் மாறல! நீங்க இருக்கிற அதே இடம்தான். ஆனா கனடாவுல 12 என்ஐசியூவை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி இன்ஃபெக்‌ஷனைப் பாத்துக்கோங்க, ஒரு பாதி நுரையீரலைப் பாத்துக்கோங்கன்னு விட்டப்போ நுரையீரல் குரூப்ல பிபிடி குறைஞ்சுது. அங்க பெரிய வித்தியாசம்னா, அவங்கவங்க யூனிட்டோட கணக்கைப் பாத்து அவங்கவங்க எங்க சறுக்குறாங்கன்னு கண்டுபிடிச்சு அதை மாத்தினாங்க. நான் இதை இப்படித்தான் புரிஞ்சு வச்சிருக்கேன்: அடுத்தவன் வீட்டு லிஸ்டைக் கொண்டுவந்து ஒட்டினா முறை மாறும், கை மாறாது.

கைன்னா என்னன்னு சொல்றேன். நாளைக்கு ஒரு சிபேப் குழந்தை பக்கத்துல ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உக்காருங்க, வேற வேலை பாக்காதீங்க. முதல்ல தொப்பியைப் பாருங்க. லூசா இருந்தா அது மெல்ல மெல்ல மேல ஏறும், ஏறும்போது ட்யூபையும் சேத்து இழுக்கும், பிராங்ஸ், அதாவது மூக்குத் துவாரத்துல வைக்கிற சின்னக் குழல், மூக்குத் தண்டுல போய் முட்டும். அடுத்து பிராங்ஸ் சைஸ். மூக்கு சின்னது பாவம்னு சொல்லி சின்ன சைஸ் போடுவோம், அதுதான் தப்பு, சின்னது மூக்குக்குள்ள ஆடிக்கிட்டே இருக்கும், காத்து சைடுல லீக் ஆகும், லீக் ஆகுதேன்னு இன்னும் உள்ள தள்ளுவோம், கடைசியில புண்ணாகும். மூக்குத் துவாரத்தை அடைச்ச மாதிரி இருக்கணும், ஆனா தோல் வெளுக்கக் கூடாது, பிராங்ஸோட அடிப்பகுதிக்கும் மூக்குத் தண்டுக்கும் நடுவுல சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தெரியணும். அந்த இடைவெளியை ஒவ்வொரு தடவை கிட்ட போகும்போதும் பாக்கணும், ஷிப்டுக்கு ஒரு தடவை இல்ல.

அப்புறம் குமிழி, பபுள் சிபேப்ல ட்யூபோட மறுமுனை தண்ணிக்குள்ள இருக்கும். தண்ணில குமிழி வருதேன்னு நிம்மதியா போயிடுவோம். குமிழி வருதுன்னா ட்யூப்ல பிரஷர் இருக்குன்னுதான் அர்த்தம், குழந்தையோட தொண்டையில எவ்வளவு இருக்குங்கிறது வேற கதை. வாய் திறந்திருந்தா பாதி அங்கயே போயிடும். குமிழி நின்னுபோச்சுன்னா நிறைய பேர் பண்றது ஃப்ளோவை, அதாவது காத்து போற வேகத்தை, நிமிஷத்துக்கு 6 லிட்டர்லேருந்து 8, 8லேருந்து 10னு ஏத்துறது, குமிழி திரும்ப வந்துடும், பிரச்சனை தீர்ந்த மாதிரி இருக்கும், லீக் அப்படியேதான் இருக்கும். முதல்ல பிராங்ஸைச் சரி பண்ணுங்க, வாயை லேசா மூடி வைங்க, கழுத்துக்குக் கீழ சின்னதா துணி சுருட்டி வைங்க, ட்யூப்ல தேங்கின தண்ணியை வடிச்சு விடுங்க, வயித்து ட்யூபைத் திறந்து விடுங்க, இவ்வளவும் பண்ணியும் வரலைன்னா ஃப்ளோவைத் தொடுங்க. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்குடுத்தது எந்த புக்கும் இல்ல, நைட் ட்யூட்டியில இருந்த ஒரு சீனியர் நர்ஸ். "டாக்டர், இந்தக் குழந்தைக்கு சிபேப் ஃபெயில் ஆகல, நாமதான் இன்னும் சிபேப் குடுக்கவே இல்ல"ன்னு சொல்லிட்டு பிராங்ஸை மாத்தினாங்க, நான் ட்யூப் போட லாரிங்கோஸ்கோப்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு ட்யூப் போடல.

இப்ப ஆக்சிஜன். இது என் தப்பையே சொல்றேன். ராத்திரி ஒரு குழந்தை சேச்சுரேஷன் (ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடிச்சிருக்குன்னு காட்டுற சதவீதம்) 78க்கு போச்சு, காத்தோட ஆக்சிஜனைக் கலக்குற பிளெண்டரை 25லேருந்து 50 சதவீதத்துக்கு ஏத்தினேன், குழந்தை தேறிச்சு, அதே நேரம் பக்கத்து பெட்ல கூப்பிட்டாங்க, போயிட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா சேச்சுரேஷன் 100, பிளெண்டர் அதே 50. மானிட்டர் ஒரு சத்தமும் போடல, ஏன்னா மேல் அலாரம் 100ல இருந்தது, அடிக்கடி கத்துதுன்னு யாரோ மாத்தி வச்சிருக்காங்க. மேல் அலாரம் 100ல இருந்தா அது அலாரமே இல்ல. சேச்சுரேஷன் 100ன்னு காட்டும்போது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, கொஞ்சம் அதிகமாவும் இருக்கலாம், பயங்கர அதிகமாவும் இருக்கலாம். நுரையீரலுக்கு மட்டும் இல்ல, கண்ணுக்கும் ஆபத்து.

அதுக்காக ரொம்பக் குறைக்கவும் கூடாது. சப்போர்ட் ட்ரையல்ல 85-89 ஒரு குரூப், 91-95 ஒரு குரூப் வச்சுப் பாத்தாங்க, குறைச்சு வச்ச பக்கம் கடுமையான கண் பாதிப்பு 8.6 சதவீதம், கூட்டி வச்ச பக்கம் 17.9, ஆனா இறப்பு 19.9க்கு எதிரா 16.2, குறைச்ச பக்கம்தான் அதிகம். அதனாலதான் இன்னைக்கு நிறைய யூனிட்ல 90-95னு வச்சுக்கிறாங்க. டார்கெட்டை எழுதி ஒட்டுறது ஈசி. குழந்தை 21லயே, அதாவது ரூம் ஏர்லயே இருந்தா 98, 99 வரலாம், அது பரவாயில்ல, ஆக்சிஜன் போகும்போது மேல் அலாரம் 95ல இருக்கணும். ஏத்தின ஆளேதான் இறக்கணும்னு எங்க யூனிட்ல ஒரு பழக்கம் வச்சோம். ஏத்திட்டு வேற பெட்டுக்குப் போகக் கூடாது, போகணும்னா இன்னொருத்தர்கிட்ட வாயால சொல்லிட்டுப் போகணும். பேப்பர்ல எழுதி வச்ச எந்த ப்ரோட்டோகாலையும்விட இது அதிகமா வேலை செஞ்சுதுங்கிறது என் அபிப்பிராயம்.

பிரசவ அறை உங்க கையில இல்லன்னு சொல்வீங்க, ஆனா பாதி சேதம் அங்கதான் ஆரம்பிக்குது. ஒரு டீஸ்பூன்ல 5 மில்லி பிடிக்கும். 800 கிராம் குழந்தையோட ஒரு மூச்சு அதைவிடக் கம்மி, கிலோவுக்கு 4லேருந்து 6 மில்லின்னு கணக்குப் போட்டா 3லேருந்து 5 மில்லிக்குள்ளதான் வரும். மூச்சு குடுக்கிற பேக்கைக் கையால அமுக்குறவங்க பதட்டத்துல எவ்வளவு அமுக்குவாங்கன்னு நினைச்சுப் பாருங்க. 1997ல குறைமாச ஆட்டுக்குட்டிகள்ல ஒரு ஆய்வு பண்ணினாங்க, பிறந்த உடனே 6 பெரிய மூச்சு, வெறும் 6, அதுக்கப்புறம் சர்ஃபேக்டன்ட் குடுத்தும் அது சரியா வேலை செய்யல. அதனால டி-பீஸ்ங்கிற மூச்சு குடுக்கிற கருவி இருந்தா அதைத்தான் எடுக்கணும், பிரஷர் அளவோட போகும். ஆக்சிஜன் 30 சதவீதத்துல ஆரம்பிச்சு சேச்சுரேஷன் பாத்து ஏத்தலாம், இறக்கலாம். குழந்தையைத் துடைக்காம அப்படியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு சூடா வைக்கிறது, தொப்புள்கொடியை உடனே வெட்டாம கொஞ்சம் பொறுக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீண்ட நேரம் காத்தைப் பிடிச்சு ஊதி நுரையீரலைத் திறக்கலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு, 2019ல வந்த செயில் ட்ரையல்ல அதுல முதல் 48 மணி நேரத்துல இறப்பு அதிகமாத் தெரிஞ்சதால பாதியிலயே நிறுத்தினாங்க. நல்ல எண்ணம் வேற, நல்ல பலன் வேற.

சிபேப்ல இருந்தும் 30 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் கேக்குதுன்னா சர்ஃபேக்டன்ட்டை யோசிக்கணும், அதையும் முடிஞ்சா மெல்லிசு கதீட்டர் வழியா, குழந்தை தானே மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே. ஆப்டிமிஸ்ட்னு 2021ல வந்த ட்ரையல்ல இறப்பு-பிபிடி ரெண்டையும் சேத்துப் பாத்தா தெளிவான வித்தியாசம் இல்ல, ஆனா பிழைச்ச குழந்தைங்கள்ல பிபிடி 45.3லேருந்து 37.3 ஆச்சு. கைப்பழக்கம் இல்லாதவங்க மூணு நாலு தடவை ட்ரை பண்ணி குழந்தையைக் களைப்பாக்கினா லாபம் போயிடும், அதனால யூனிட்ல ரெண்டு மூணு பேர் மட்டும் நல்லாக் கத்துக்கிட்டா போதும்.

மருந்துகள்ல எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது கேஃபீன் மேல. மூச்சு நின்னு நின்னு போறதைத் தடுக்கக் குடுக்கிறதுதான், ஆனா 2006ல வந்த கேப் ட்ரையல்ல பிபிடி 47லேருந்து 36 சதவீதமா குறைஞ்சுது, அந்தக் குழந்தைங்களை ஒண்ணரை வயசு வாக்குல பாத்தப்போ மூளைப் பாதிப்பும் கம்மி. இவ்வளவு விலை குறைஞ்ச மருந்துக்கு இவ்வளவு பலன் வேற எதுலயும் நான் பாக்கல. கேஃபீன் சிட்ரேட்டா கிலோவுக்கு 20 மில்லிகிராம் முதல் டோஸ், அப்புறம் தினமும் 5லேருந்து 10. கேக்க வேண்டியது ஒண்ணுதான், உங்க யூனிட்ல முதல் டோஸ் பிறந்து எத்தனாவது மணி நேரத்துல போகுது? ஆர்டர் எழுதினது காலையில, மருந்து வந்தது சாயந்திரம், போட்டது அடுத்த நாள்னு இருந்தா அங்கதான் ஓட்டை. எழுதின நேரத்தைப் பாக்காதீங்க, போட்ட நேரத்தைப் பாருங்க.

வைட்டமின் ஏ ஊசி 1999ல வந்த ட்ரையல்ல இறப்பு-பிபிடி ரெண்டையும் சேத்த கணக்கை 62லேருந்து 55 சதவீதமாக்கினுச்சு, வாரத்துக்கு மூணு ஊசி நாலு வாரம், தொடையில சதையே இல்லாத குழந்தைக்கு 12 ஊசி, நிறைய பேர் வேண்டாம்னு விட்டுட்டாங்க, எனக்கும் தயக்கம்தான். டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. ஒரு காலத்துல தாராளமா குடுத்து, குழந்தைங்க சீக்கிரம் வென்டிலேட்டரை விட்டு வந்ததைப் பாத்து சந்தோஷப்பட்டோம், பின்னாடி பாத்தா செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால வர்ற அசைவுக் குறைபாடு) அதிகம், 2002ல அமெரிக்கக் குழந்தைமருத்துவ அகாடமி வழக்கமா குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. இப்ப ஒரு வாரத்துக்கு மேலயும் வென்டிலேட்டரை விட்டு வர முடியாத குழந்தைக்கு மட்டும், குறைஞ்ச டோஸ்ல, அம்மா அப்பாகிட்ட பேசிட்டு.

ட்யூப்ல இருக்கிற குழந்தைக்கு தினமும் ரவுண்ட்ஸ்ல ஒரே கேள்வி போதும்: இன்னைக்கு ஏன் எடுக்கக் கூடாது? "நாளைக்குப் பாப்போம்"னு சொல்றவங்கதான் காரணம் சொல்லணும், எடுக்கலாம்னு சொல்றவங்க இல்ல. முதல்ல நாங்க இதைத் திருப்பி வச்சிருந்தோம். வென்டிலேட்டர்ல வால்யூம் டார்கெட், அதாவது ஒரு மூச்சோட அளவை நிர்ணயிக்கிற வசதி, இருந்தா போடுங்க, பிரஷரை மட்டும் வச்சு ஓட்டினா நுரையீரல் தேறத் தேற அதே பிரஷர்ல மூச்சு பெருசாகிக்கிட்டே போகும், அதை யாரும் கவனிக்க மாட்டாங்க. ட்யூபை எடுத்தப்புறம் சிபேப்பை நிறுத்துறதுலயும் அவசரம் வேண்டாம், 31 வாரத்துல ரூம் ஏர்ல அஞ்சு நாளா அழகா இருக்கேன்னு கழட்டிட்டு ரெண்டாவது நாள் ஆக்சிஜன் வச்சா என்ன லாபம்?

கை கழுவுறது, ரத்தக்குழாய்ல போட்ட லைனை சீக்கிரம் எடுக்கிறது, அம்மா பால், எடை ஏறுதான்னு பாக்குறது, இதெல்லாம் நுரையீரல் வேலைதான், ஒரு ரத்த இன்ஃபெக்‌ஷன் வந்தா ட்யூப் எடுத்த குழந்தை திரும்ப ட்யூபுக்குப் போகும், அவ்வளவு நாள் பட்ட பாடு வீண். உங்க கடிதத்துல வேற இடத்துல, இதுல நல்லா இருக்கீங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால விட்டுடறேன்.

எண்ணுறதைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 36 வாரத்துல ஆக்சிஜன்ல இருந்தா பிபிடின்னு எழுதுறீங்க, ஆனா அந்தக் குழந்தைக்கு நிஜமாவே ஆக்சிஜன் வேணுமா, இல்ல யாரும் நிறுத்திப் பாக்கலையா? வால்ஷ்னு ஒரு டாக்டர் குழுவோட 17 சென்டர்ல இதைச் சோதிச்சாங்க, கொஞ்சமா ஆக்சிஜன்ல இருக்கிற குழந்தைங்களை படிப்படியா ரூம் ஏருக்குக் கொண்டுவந்து தாங்குதான்னு பாத்தாங்க, பிபிடி 35லேருந்து 25 சதவீதமாச்சு, ஒரு குழந்தைக்கும் புதுசா வைத்தியம் பண்ணாமலேயே. இதே மாதிரி எதிர்ப்பக்கமும் ஏமாறலாம், ஆக்சிஜனை எடுத்துட்டு ரூம் ஏர்ல ஹை ஃப்ளோ (மூக்கு வழியா வேகமா காத்து விடுற மெஷின்) வச்சுட்டு பிபிடி இல்லன்னு எழுதலாம், 2019ல ஜென்சன் குழு கொண்டுவந்த புது வரையறை ஆக்சிஜன் அளவைப் பாக்காம 36 வாரத்துல என்ன மூச்சு சப்போர்ட் இருக்குன்னு மட்டும் பாக்குது, அது கொஞ்சம் நேர்மை. கூடவே இறப்பையும் அதே தாள்ல எழுதுங்க. கர்ப்பத்துல ஸ்டீராய்டு ஊசி போட ஆரம்பிச்சது லிகின்ஸ், ஹோவி ரெண்டு பேரும் 1972ல ஆக்லாந்துல காட்டினதுக்கு அப்புறம், அதால மூச்சுத்திணறலும் இறப்பும் குறைஞ்சுது, பிபிடி எண்ணிக்கை மட்டும் பெருசா குறையல, முன்னாடி இறந்திருக்கக்கூடிய குழந்தைங்க இப்ப பிழைச்சு அந்தக் கணக்குல வர்றதும் ஒரு காரணம். உங்க யூனிட்டுலயும் ரெண்டு வருஷத்துல இன்னும் சின்னக் குழந்தைங்க பிழைக்க ஆரம்பிச்சிருந்தா, எண்ணிக்கை அப்படியே இருக்கிறதே கூட முன்னேற்றமா இருக்கலாம். வாரம் வாரியாப் பிரிச்சுப் பாருங்க, 25 வாரக் குழந்தையையும் 28 வாரக் குழந்தையையும் ஒரே கூடையில போட்டா ஒண்ணும் தெரியாது.

சரி, மெஷின். ஹை ஃப்ளோ வாங்கலாமான்னு மேனேஜ்மென்ட்ல கேப்பாங்க, நர்ஸுக்கு வேலை ஈசி, மூக்குப் புண்ணும் கம்மி, உண்மைதான், ஆனா பிறந்த உடனே சிபேப்புக்குப் பதிலா அதைப் போட்டுப் பாத்த ஹிப்ஸ்டர் ட்ரையல்ல 25.5 சதவீதம் ஃபெயில், சிபேப்ல 13.3. புது வென்டிலேட்டர் இன்னொண்ணும் இப்ப வேண்டாம். நான் உங்க இடத்துல இருந்தா கேக்குறது இது: எல்லா சைஸ் பிராங்ஸும் தொப்பியும் எப்பவும் கையிருப்புல இருக்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டோர் பூட்டியிருக்குன்னு சின்ன சைஸைப் போடுற நிலைமை வரக் கூடாது. பிரசவ அறைக்கு ஒரு டி-பீஸ், ஒரு பிளெண்டர், ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர். இதுக்கு மேல காசு மிச்சம் இருந்தா ஒரு நைட் ட்யூட்டி நர்ஸ் போஸ்ட் கேளுங்க, மெஷின் லிஸ்ட்லயே அதையும் ஒரு ஐட்டமா எழுதிக் குடுங்க.